எங்கள் கோச்சும் எடை மெஷினும்

எங்கள் ஊர் ஹைஸ்கூலின் மல்யுத்தக் கோச் இந்த சீசனோடு விடைபெறுகிறார். பிரிவுபசார விருந்தில் பேசியவர்கள் எல்லோரும் அவர் ஜெயித்த மேட்ச்களின் கணக்கைச் சொன்னார்கள். கை தட்டினோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். ஆனால் அவருடைய முப்பது வருஷ வேலையில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவதை அன்று யாரும் தொடவில்லை. அதை இரண்டு நிமிஷ மைக் பேச்சில் சொல்லவும் முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதும் இல்லை. பள்ளி முதல்வர் முதல் பஸ் டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் 'கோச்'தான்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். மகன் ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் ஒரு தாளை நீட்டி, "ரெஸ்லிங் சேரப்போறேன், கையெழுத்துப் போடும்மா" என்றான். ஊரில் செய்தி சொன்னபோது என் அப்பாவுக்கு டிவியில் வரும் டபிள்யூ டபிள்யூ இ-தான் ஞாபகம் வந்தது. "நாற்காலியால அடிச்சுக்குவாங்களே, அதுவா?" என்று பதறிவிட்டார். இல்லை. ஹைஸ்கூல் மல்யுத்தம் ரொம்பக் கறாரானது. குறுக்களவு 28 அடிக்குக் குறையாத ஒரு வட்டம், இரண்டு இரண்டு நிமிஷமாக மூன்று சுற்று. எதிராளியைக் கீழே தள்ளினால் பாயிண்ட், அவன் பிடியிலிருந்து தப்பினால் பாயிண்ட், இரண்டு தோளையும் தரையில் பதிய வைத்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆறு நிமிஷம்தானே என்று தோன்றும். முதல் தடவை விளையாடிவிட்டு வந்த என் மகன் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க விரலில் தெம்பில்லாமல் என்னிடம் நீட்டினான்.

இந்த விளையாட்டில் எல்லாமே எடையில்தான் தொடங்குகிறது. எங்கள் மாநிலத்தில் பையன்களுக்கு 14 எடைப் பிரிவுகள். 106 பவுண்டில் ஆரம்பித்து 113, 120, 126 என்று ஏறி 285-ல் முடியும். கிலோவில் சொன்னால் 48-லிருந்து 129 வரை. ஒவ்வொரு பிரிவுக்கும் பள்ளிக்கு ஒரு பையன். 138 பவுண்டு இருக்கிற பையன் எப்படியாவது 126-க்கு இறங்கிவிட்டால், தன்னைவிடச் சின்ன உடம்புக்காரனோடு மோதலாம் என்பது கணக்கு. எதிர்ப்பள்ளியிலும் இதே கணக்கைப் போடுவார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் பட்டினி கிடந்து, இரண்டு பக்கமும் அதே உடம்போடு மோதும். பல தலைமுறையாக இந்த நாட்டில் பையன்கள் இதைச் செய்திருக்கிறார்கள். சாப்பாட்டை நிறுத்துவது, தண்ணீரை நிறுத்துவது, குப்பைப் பையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடுவது, சோனா என்கிற சூடான வியர்வை அறையில் உட்காருவது, எச்சில்கூட எடைதான் என்று பாட்டிலில் துப்பிக்கொண்டே இருப்பது.

1997-ல் இது உயிரை வாங்கியது. நவம்பர் 7-க்கும் டிசம்பர் 9-க்கும் நடுவில், வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் என்று மூன்று மாநிலங்களில், மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் செத்துப்போனார்கள். உடம்பில் நீர் வற்ற வற்ற, சூடான அறையில், வியர்வை வெளியேற முடியாத உடையை மாட்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்திருக்கிறார்கள். மூத்தவருக்கே 22 வயதுதான். அதன் பிறகுதான் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விழித்துக்கொண்டு சோனாவையும் ரப்பர் உடையையும் தடை செய்தது. ஹைஸ்கூல்களுக்கு நாடு முழுக்க ஒரே மாதிரி எடைக் கட்டுப்பாட்டு விதி வர 2006-07 சீசன் ஆகிவிட்டது.

கோச் 1997-ல் எங்கள் பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுக்கும் இளம் ஆசிரியர், அணிக்கு உதவிக் கோச். சீசனுக்கு முன்னால் பெற்றோர் கூட்டத்தில் வருஷா வருஷம் அந்த மூன்று மரணங்களைப் பற்றிப் பேசுவார். பேசுவதற்கென்று எழுதி வைத்த தாள் எதுவும் கையில் இருக்காது. தானும் பள்ளியில் படிக்கும்போது எடை குறைத்தவன் என்பதையும் சொல்லிவிடுவார். "என் பதினேழாவது வயசு டிசம்பர்ல எத்தனை மேட்ச் ஜெயிச்சேன்னு எனக்கு ஞாபகமில்லை. தாகமா இருந்தது மட்டும் ஞாபகமிருக்கு" என்பார். நான் முதல் தடவை கேட்டபோது பக்கத்திலிருந்த ஒரு அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் பழைய மல்யுத்தக்காரர் என்று பிறகு தெரிந்தது.

நவம்பரில் எடைப் பரிசோதனை நடக்கும். என் வேலை லேபில் என்பதால் வரிசையை ஒழுங்குபடுத்தவும் படிவங்களைச் சரிபார்க்கவும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். முதலில் சிறுநீர். ஒவ்வொரு பையனும் ஒரு சின்னக் கப்போடு வருவான். பயிற்சி பெற்ற பரிசோதகர் அதிலிருந்து ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டர் என்கிற சின்ன அளவுக் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்கிற எண், 1.025-க்கு மேல் போனால் உடம்பில் நீர் போதவில்லை என்று அர்த்தம், பையன் இன்னொரு நாள் வர வேண்டும். தண்ணீர் குடிக்காமல் எடையைக் குறைத்துக் காட்டி ஏமாற்ற முடியாதபடி இந்தப் பரிசோதனையை முதலில் வைத்திருக்கிறார்கள். லேபில் தினமும் நான் பார்க்கிற எண்தான். ஆனால் அங்கே அது ஒரு பார்கோடு ஒட்டிய குழாய். இங்கே எதிரில் பதினான்கு வயதுப் பையன் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

பிறகு எடை, கொழுப்பு அளவு. பையன்களுக்கு உடம்பில் 7 சதவீதக் கொழுப்பு, பெண்களுக்கு 12 சதவீதம், அதற்குக் கீழே யாரும் போகக் கூடாது. அதை வைத்து ஒவ்வொருவருக்கும் அந்த சீசனுக்கான குறைந்தபட்ச எடை கணக்காகும். அந்த எடைக்கு இறங்குவதும் வாரத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

பத்தாம் வகுப்பில் என் மகன் 131 பவுண்டு, கொழுப்பு 12 சதவீதம். கணக்குப் போட்டால் குறைந்தபட்சம் 124. அதாவது, விதிப்படி அவன் தாராளமாக 126-ல் விளையாடலாம். வாரத்துக்கு இரண்டு பவுண்டு வீதம் மூன்றே வாரத்தில் இறங்கிவிடலாம். 126-ல் அந்த வருஷம் ஆள் இல்லை, அணியில் இடம் நிச்சயம். 132-லோ இவனைவிடக் கெட்டிக்காரன் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தான். அணிக்குள்ளேயே மோதிப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள், அவனை இவன் ஜெயிக்க வாய்ப்பே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டான், "நாளையிலேருந்து ராத்திரி எனக்கு சாதம் வேண்டாம்."

மறுநாள் கோச் அவனை மரவேலை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். மாநில விதிக்கு மேல் அவருடைய அறைக்கென்று சொந்த விதி ஒன்று உண்டு. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரிசோதனை நாளில் எந்த எடையில் இருக்கிறார்களோ அந்தப் பிரிவுதான், அல்லது அதற்கு மேல். கீழே இறங்குகிற பேச்சே கிடையாது. "விதி அனுமதிக்குது கோச்" என்றானாம் மகன். "விதி உன்னைச் சாகாம பார்த்துக்கும். நீ வளர்றதை நான் பார்த்துக்கணும்" என்றாராம் அவர். பிறகு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு, காலையிலிருந்து ராத்திரி வரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறார். இட்லி, தோசை, சாம்பார், தயிர் சாதம், முட்டை, ஞாயிற்றுக்கிழமை கோழி. சாம்பாரில் என்ன இருக்கும் என்று அவன் விளக்கியிருக்கிறான். அன்று சாயங்காலம் எனக்கு அவரிடமிருந்து மெயில் வந்தது. பருப்பும் முட்டையும் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம், ராத்திரிச் சோற்றை நிறுத்த விடாதீர்கள் என்று இருந்தது. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில், என் பிள்ளை சாப்பிட்டானா என்று வெளியாள் ஒருவர் அப்படி அக்கறையோடு கேட்டு எழுதியது அதுதான் முதல் தடவை. அந்த மெயிலை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த வருஷம் முழுக்க மகன் இரண்டாம் அணியில்தான் விளையாடினான். பெரிய ஜிம்மில் விளக்குப் போடுவதற்கு முன்னால், காலி பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்கும் ஆட்டங்கள். அழுதிருக்கிறான். அடுத்த நவம்பரில் நான்கு அங்குலம் வளர்ந்து 144-ல் நின்றான். முந்தின வருஷம் ராத்திரிச் சோறு இல்லாமல் விட்டிருந்தால் அந்த எலும்புக்குச் சத்து எங்கிருந்து வந்திருக்கும்?

கோச் இதற்குக் கொடுத்த விலை பெரிது. பள்ளிக்கும் பள்ளிக்கும் நடக்கும் மேட்சில் எல்லாப் பிரிவுகளின் முடிவையும் கூட்டித்தான் அணியின் பாயிண்ட். ஒரு பிரிவில் ஆள் இல்லையென்றால் எதிர்ப்பள்ளிக்கு மோதாமலே 6 பாயிண்ட் போய்விடும். தோளைப் பதிய வைத்து ஜெயித்தால் கிடைக்கிற அதே 6. சாதாரணமாகப் பாயிண்ட் கணக்கில் ஜெயிக்கிற பையன் அணிக்குச் சம்பாதிப்பது 3 மட்டும்தான். அப்படியென்றால் காலி இடம் ஒன்றை ஈடுகட்ட இரண்டு பையன்கள் ஜெயிக்க வேண்டும். என் மகன் பத்தாவது படித்த வருஷம் 106-லும் 126-லும் எங்களுக்கு ஆள் இல்லை. ஒவ்வொரு மேட்சையும் 12 பாயிண்ட் பின்தங்கித்தான் ஆரம்பித்தோம். இறங்கத் தயாராக ஒன்றுக்கு இரண்டு பையன்கள் இருந்தார்கள். பக்கத்து ஊரோடு ஒரு மேட்சில் 4 பாயிண்டில் தோற்றோம். வெளியே பார்க்கிங்கில் சில அப்பாக்கள் அவரைச் சுற்றி நின்று கத்தினார்கள். ஒருவர் நேராகவே, "உங்க கொள்கைக்காக எங்க பிள்ளைங்க தோக்கணுமா?" என்று கேட்டார். கோச் கோட்டுப் பையில் கையை விட்டபடி முழுவதையும் கேட்டார். "திங்கட்கிழமை வழக்கம் போல மூணு மணிக்குப் பயிற்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார். எனக்கு அந்த அப்பாக்கள் மேல் கோபம் இல்லை. நல்லவர்கள்தான், பிள்ளைகள் மேல் ஆசை. ஆனால் அந்த இடத்தில் நின்று அசையாமல் இருப்பதற்கு, கோப்பை வாங்குவதைவிடப் பெரிய தைரியம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆள் பேச்சில் கறார். பயிற்சி அறையில் சத்தம் அதிகம். சுவரில் டான் கேபிள் படம் ஒன்று மாட்டியிருக்கும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிகளுக்கு ஒரு பாயிண்ட்கூடக் கொடுக்காமல் தங்கம் வென்ற அயோவாக்காரர் அவர். அந்தப் படத்தைக் காட்டிப் பையன்களை விரட்டு விரட்டென்று விரட்டுவார். பயிற்சி முடிந்ததும் கிருமிநாசினி வாளியை எடுத்து விரிப்பு முழுவதையும் தானே துடைப்பார். படர்தாமரையும் சிரங்கும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மின்னல் வேகத்தில் பரவும் விளையாட்டு இது, ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் தோலைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார். துடைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் மூலையை விட்டுவிடுவார்கள் என்பது அவர் நினைப்பு. எடை மெஷின் மட்டும் அந்த அறையில் கிடையாது. நர்ஸ் அறையில் இருக்கும், கோச் கூட வந்தால்தான் ஏறலாம். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் ஏறிக்கொண்டே இருப்பார்கள் என்பார்.

மேட்சுக்கு முன்னால் எடை பார்த்து முடித்ததும் ஒரு மேஜை போட்டுச் சாப்பாடு வைப்போம், அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு. வாழைப்பழம், பேகல், ஆரஞ்சு. என் முறை வரும்போது மினி இட்லி கொண்டுபோவேன், எண்ணெய் குறைவாகப் பொடி தடவி. 215 பவுண்டுப் பையன் ஒருவன் தட்டில் மலை மாதிரி அடுக்கிக்கொண்டு, இதற்கு என்ன பெயர் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி காலை எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. முந்தின நாள்தான் இந்திய வீராங்கனை வினேஷ் போகட் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் மூன்று பேரை ஜெயித்து இறுதிப் போட்டிக்குப் போயிருந்தார். அதில் முதலாவது, சர்வதேசப் போட்டியில் அதுவரை யாரிடமும் தோற்காத ஜப்பானின் யுய் சுசாகி. ஒலிம்பிக்கில் இரண்டாவது நாள் காலையிலும் எடை பார்ப்பார்கள். 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்தது, வெளியே அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்கப் பயிற்சி செய்திருக்கிறார், தலைமுடியை வெட்டியிருக்கிறார்கள், உடையைக்கூடச் சுருக்கியிருக்கிறார்கள். வழக்கமாக 53 கிலோவில் விளையாடியவர். அந்தப் பிரிவில் இந்தியாவின் இடம் வேறொருவருக்குப் போய்விட்டதால் 50-க்கு இறங்கினார்.

பள்ளி விடுமுறை, ஆனாலும் உடற்பயிற்சி அறை திறந்திருக்கும். மகன் நேராக அங்கே போய்விட்டான். கோச் முந்தின நாள் ஆட்டங்களை முழுசாகப் பார்த்திருந்தாராம். "எல்லாரும் அந்த நூறு கிராமைப் பத்தித்தான் பேசுவாங்க. அந்தப் பொண்ணு ராத்திரி பூரா தூங்காம கிடந்ததைப் பேசுவாங்களான்னு பாரு" என்றாராம். அவர் சொன்னபடியேதான் ஆனது. எங்கள் வாட்ஸாப் குழுக்களில் சதி, அநியாயம், மேல்முறையீடு என்று ஒரு வாரம் ஓடியது. அந்த ராத்திரியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அதே ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அமன் செஹ்ராவத், போட்டிக்கு முன்னால் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்தார் என்று செய்தி வந்தபோது அதைச் சாதனை என்று பகிர்ந்தார்கள். லேபில் வேலை செய்கிறவளாக எனக்கு அதைப் படித்ததும் அடிவயிறு கலங்கியது. பத்து மணி நேரத்தில் குறைகிற எடையில் பெரும் பங்கு தண்ணீர்தான், கூடவே சோடியமும் பொட்டாசியமும் போகும். இதயத் துடிப்பு ஒழுங்காக இருப்பதே அவற்றால்தான்.

நியூ ஜெர்சி 2019-ல் பெண்களுக்கென்று தனி மாநிலப் போட்டி நடத்த ஆரம்பித்தது. எங்கள் பள்ளியில் இரண்டு பெண்கள் வந்தார்கள், இப்போது தனி அணியே இருக்கிறது. நாடு முழுக்க ஹைஸ்கூலில் மல்யுத்தம் செய்யும் பெண்கள் 2023-24-ல் 64,000-க்கு மேல். 2025 ஜனவரியில் கல்லூரி விளையாட்டுச் சங்கமும் பெண்கள் மல்யுத்தத்தைத் தன் சாம்பியன்ஷிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இதில் எனக்குச் சந்தோஷம் எவ்வளவோ அவ்வளவு கவலையும் உண்டு. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எடையைப் பற்றிச் சொல்லித்தர உலகமே வரிசையில் நிற்கிறது. கோச் அந்தப் பெண்களிடம் எடை பற்றித் தனியாகப் பேச மாட்டார், நர்ஸோ ஒரு அம்மாவோ கூட இருக்க வேண்டும். பேச்சும் எப்போதும் 'எவ்வளவு சாப்பிட்டாய்' என்றுதான் ஆரம்பிக்கும்.

அட்லாண்டிக் சிட்டியில் போர்டுவாக் ஹால் என்று ஒரு பழைய பிரம்மாண்ட அரங்கம் இருக்கிறது. மாநில இறுதிப் போட்டிகள் அங்கேதான். மாவட்டம், ரீஜன் என்று தாண்டி அங்கே கால் வைப்பதே பெருமை. கோச் பல பையன்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறார், ஒரே ஒருவன்தான் மெடல் வாங்கினான். மாநிலச் சாம்பியன் ஒருவரும் இல்லை. என் மகன் ரீஜனோடு நின்றான். விருந்துக்குக் கல்லூரியிலிருந்து வந்திருந்தவன், மைக்கில் எதுவும் பேசாமல், அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தான்.

இப்போது புதிய கோச் வருகிறார். இளைஞர், கல்லூரியில் பெரிய வீரர், நல்ல மனிதர் என்றுதான் கேள்விப்படுகிறேன். ஆனால் கோச்சின் விதி எதுவும் எங்கேயும் எழுதப்படவில்லை. அது அவர் தலையில் இருந்தது, அவரோடு வீட்டுக்குப் போய்விடும். அதனால் பெற்றோர் சிலர் சேர்ந்து கல்வி வாரியத்துக்கு ஒரு கடிதம் தயாரித்திருக்கிறோம். வரைவை எழுதியது நான். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரிசோதனை நாள் எடைக்குக் கீழே விளையாடக் கூடாது, எடை மெஷின் நர்ஸ் அறையிலேயே இருக்க வேண்டும், காலி இடத்தால் போகிற பாயிண்டை வைத்து எந்தக் கோச்சையும் வேலை மதிப்பீட்டில் குறைக்கக் கூடாது. மூன்றாவதைச் சேர்க்கச் சொன்னது கோச். தனக்காக அவர் கேட்காததை அடுத்து வருகிறவருக்காகக் கேட்டார்.

அன்று பார்க்கிங்கில் கத்திய அப்பாக்களில் இருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், பிள்ளை எந்த விளையாட்டில் இருந்தாலும் சரி, அடுத்த வாரியக் கூட்டத்துக்கு வாருங்கள். பொதுமக்கள் பேசும் நேரம் கூட்டத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடும், கொஞ்சம் முன்னாலேயே வந்து பெயர் எழுதிவிடுங்கள்.